ஃபோல்டரை அழித்த பிறகும் புரோகிராம் போகவில்லை: அப்பாவின் லேப்டாப்

தாமிரபரணி_மகள் | செவ்வாய், மாலை 6:40

வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அப்பாவின் லேப்டாப் பற்றிக் கேட்கிறேன். விண்டோஸ் 11. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

போன வாரம் பென்ஷன் விஷயமாக ஒரு கடிதத்தை பி.டி.எஃப் ஆக அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் தேடி, முதலில் வந்ததை இறக்கி, 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போய்விட்டார். அதோடு ஒட்டிக்கொண்டு வேறு சிலதும் வந்துவிட்டன. ஒன்று டிரைவர் அப்டேட் செய்கிறேன் என்கிறது. இன்னொன்று 1,274 பிழைகள் இருப்பதாகச் சிவப்பில் காட்டி, சரிசெய்யப் பணம் கட்டு என்கிறது. குரோமைத் திறந்தால் பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம். வலது கீழ் மூலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'வைரஸ் நுழைந்துவிட்டது' என்று அறிவிப்பு.

ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வந்ததும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் அந்த ஃபோல்டர்களை டெலீட் செய்தேன். அதிலிருந்து ஆன் செய்தவுடன் 'ரன் டி.எல்.எல்' என்று ஒரு பெட்டி வந்து, ஏதோ மாட்யூலைக் காணவில்லை என்கிறது. பட்டியலில் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அன்இன்ஸ்டால் அழுத்தினால் பிழைதான் வருகிறது. வெள்ளி வரை ஊரில் இருப்பேன். அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

விரைவுவண்டி | செவ்வாய், மாலை 6:58

ஒரு நல்ல ரெஜிஸ்ட்ரி கிளீனர் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேட்டைச் சுத்தம் செய்யும் புரோகிராம்) போட்டு ஓட்டுங்கள். மிச்சம் மீதி எல்லாம் ஒரே கிளிக்கில் போய்விடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மதுரை_சர்வீஸ் | செவ்வாய், இரவு 7:25

தங்கச்சி, எதையும் புதிதாக இறக்காதீங்க. கிளீனரும் வேண்டாம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நெட்டை நிறுத்திவிட்டு ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்க. நீங்கள் அழித்த ஃபோல்டர்கள் அங்கே இருந்தால் 'ரீஸ்டோர்' கொடுங்க. போனதை எதற்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தோன்றும். காரணம் இருக்கிறது. பெரும்பாலான புரோகிராம்கள் தங்களை நீக்கிக்கொள்ளும் கருவியையும் அதே ஃபோல்டருக்குள்தான் வைத்திருக்கும். ஃபோல்டரோடு அதையும் அழித்துவிட்டீர்கள். ஆனால் அந்தப் புரோகிராம் விண்டோஸுக்குள் வேறு இடங்களில் எழுதி வைத்தவை அழியவில்லை: ஆன் ஆகும்போது ஓடு என்ற கட்டளை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை, சில நேரம் பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸ். கட்டளை இருக்கிறது, ஓட வேண்டிய கோப்பு இல்லை. அதனால்தான் அந்த 'ரன் டி.எல்.எல்' பெட்டி. அழிப்பது வேறு, நீக்குவது வேறு.

ரீஸ்டோர் ஆனதும் செட்டிங்ஸ் → ஆப்ஸ் → இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போங்க. பெயர் வரிசையில் பார்க்காதீங்க. நிறுவிய தேதி வரிசைக்கு மாற்றுங்க. எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள வழி வேறு இல்லை. ஒரே நாளில் ஒன்றாக வந்து இறங்கியவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், தேதி காட்டிக்கொடுத்துவிடும்.

நீக்குவதற்கு முன் ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போட்டுக்கொள்ளுங்க, ஏதாவது கெட்டால் விண்டோஸை இப்போதைய நிலைக்குத் திருப்பலாம். பல லேப்டாப்பில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் அணைந்தே இருக்கும், சி டிரைவுக்கு அதை ஆன் செய்யணும். பிறகு ஒவ்வொன்றாக நீக்குங்க, ஒன்று போனதும் ரீஸ்டார்ட். மூன்றையும் ஒரே மூச்சில் நீக்கிவிட்டு ஏதாவது கெட்டால், எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரிப் புரோகிராம்களை நீக்கும்போது வரும் பெட்டிகளை நிறுத்தி வாசிக்கணும். 'வைத்துக்கொள்' என்பது பச்சையில் பெரிய பொத்தானாக இருக்கும், 'நீக்கு' என்பது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சின்ன எழுத்தாக இருக்கும். பாதி விலைக்குத் தருகிறேன் என்றும் ஒரு பெட்டி வரும். அவசரத்தில் அழுத்தினால் நீக்க வந்தவரே இன்னொன்றை நிறுவிவிட்டுப் போவார்.

ஈரோடு_கணக்கர் | செவ்வாய், இரவு 7:50

அண்ணா சொன்ன தேதி வரிசை அருமையான யோசனை. என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். தெரியாத பெயர் எல்லாம் வேண்டாத பெயர் என்று நினைத்து ஒருநாள் உட்கார்ந்து வரிசையாக நீக்கினேன். அதில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவரும், ஜி.எஸ்.டி தளத்துக்கு வேண்டிய எம்சைனரும் போய்விட்டன. அடுத்த நாள் 20-ஆம் தேதி, மாதாந்திர ரிட்டர்னுக்குக் கடைசி நாள். டோக்கனைச் செருகினால் கையெழுத்தே தெரியவில்லை. அன்று மாலை வரை தவித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதே மாதிரி 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று 2008, 2010, 2013 என ஆண்டு போட்டு ஏழெட்டு இருக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதால் குப்பை என்று தோன்றும். அவை மற்ற புரோகிராம்கள் ஓடத் தேவையானவை. 2010-க்காக எழுதியது 2013-ஐ வைத்து ஓடாது. தொடாதீர்கள். அப்பா பென்ஷன் வேலைக்குக் கைரேகைக் கருவி ஏதாவது வைத்திருந்தால் அதன் டிரைவரையும் விட்டுவிடுங்கள்.

மதுரை_சர்வீஸ் | செவ்வாய், இரவு 8:05

கணக்கர் அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. இது யாருடையது, எந்த வேலைக்கு வந்தது என்று விடை தெரியாதவரை நீக்காமல் இருப்பதே நல்லது. சும்மா கிடப்பதால் கெட்டுப்போகிறவை கொஞ்சம்தான்.

மூலையில் வரும் 'வைரஸ்' அறிவிப்பு பற்றி. கடைக்கு இந்தப் புகாரோடு வருகிறவர்களுடைய கணினியைப் பார்த்தால், பாதிக்கு மேல் அது புரோகிராமே இல்லை. ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி கொடுங்கள்' என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பார்கள். அது அறிவிப்பு அனுப்பக் கொடுத்த அனுமதி. குரோமில் செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → சைட் செட்டிங்ஸ் → நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாததை எல்லாம் எடுத்துவிடுங்க. அந்த நிமிடமே நின்றுவிடும்.

தேடல் பக்கத்துக்கு முதலில் எக்ஸ்டென்ஷன் (குரோமோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்) பட்டியலைப் பாருங்க. ஒரு எக்ஸ்டென்ஷனை நீக்க விடாமல், 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று குரோம் சொன்னால் கவனியுங்க. வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்? ரெஜிஸ்ட்ரியில் பாலிசி எழுதிப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தெரிந்தால் இங்கே எழுதுங்க, அடுத்ததைச் சொல்கிறேன்.

விரைவுவண்டி | செவ்வாய், இரவு 8:20

அண்ணா, கிளீனர் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? எனக்கு இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

மதுரை_சர்வீஸ் | செவ்வாய், இரவு 8:45

தம்பி, நியாயமான கேள்வி.

ரெஜிஸ்ட்ரியில் அநாதையாகக் கிடக்கும் ஆயிரம் வரிகளை எடுத்தாலும் கணினியின் வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வராது. தவறான ஒரு வரி போனால் மட்டும் உடனே தெரியும். மைக்ரோசாஃப்டே ரெஜிஸ்ட்ரி கிளீனர்களுக்கு ஆதரவு கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறது. ஆதாயம் இல்லாத இடத்தில் எதற்கு அபாயம்?

2017-இல் நடந்ததும் இருக்கிறது. சிகிளீனர் என்ற சுத்தம் செய்யும் புரோகிராம் அப்போது உலகம் முழுக்கப் பெயர் பெற்றது, நானே கடையில் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆகஸ்டில் வெளிவந்த 5.33 பதிப்பில், 32-பிட்டுக்கான கோப்புக்குள் திருடர்கள் தங்கள் நிரலைச் சேர்த்துவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து, சரியான டிஜிட்டல் கையெழுத்தோடு வந்த கோப்பு அது. செப்டம்பரில் வெளியே தெரிந்தபோது சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது இருந்ததாக நிறுவனமே சொன்னது. துடைக்க வந்த துணியிலேயே அழுக்கு. அன்றிலிருந்து, இல்லாமல் முடியும் என்றால் எதையும் கூடுதலாக நிறுவுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

'ரன் டி.எல்.எல்' மாதிரி மிச்சங்களுக்கு நான் பயன்படுத்துவது ஆட்டோரன்ஸ். மைக்ரோசாஃப்டின் சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கிறது, நிறுவவே தேவையில்லை, இறக்கி அப்படியே திறக்கலாம். ஆன் ஆகும்போது ஓடுகிற அத்தனையையும் காட்டும். கோப்பு இல்லாமல் கட்டளை மட்டும் மிஞ்சியவை மஞ்சள் நிறத்தில் தெரியும். ஆனால் மஞ்சள் எல்லாம் குப்பை இல்லை. நீங்கள் நீக்கிய புரோகிராமின் பெயர் இருந்தால் மட்டும் டிக்கை எடுங்க. உடனே டெலீட் வேண்டாம். இரண்டு நாள் பார்த்துவிட்டு அழிக்கலாம்.

குறிஞ்சிப்பாடி_ரவி | செவ்வாய், இரவு 9:02

சேஃப் மோடில் (அவசியமானவை மட்டும் ஓடும் நிலை) போய் நீக்கினால் சுலபம் இல்லையா?

மதுரை_சர்வீஸ் | செவ்வாய், இரவு 9:10

சில நேரம் தான் சார். எம்.எஸ்.ஐ (விண்டோஸின் சொந்த நிறுவல் கோப்பு) வகையில் நிறுவியவற்றை நீக்க விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் ஓடணும், சேஃப் மோடில் அது வழக்கமாக ஓடாது. நிறையப் பேர் அங்கே போய்ப் பிழை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். காலாவதியான ஆன்டிவைரஸை அதன் நிறுவனமே கொடுக்கும் நீக்குக் கருவியால் எடுக்கும்போது சேஃப் மோட் உதவும். லேப்டாப்பில் டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் போகும் வழியில் 48 இலக்க மீட்பு எண் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்னமே பார்த்துவிட்டு இறங்கணும்.

இடம் போதவில்லை என்று சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரை அழிக்கச் சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீங்க. அது போனால் பிறகு பல புரோகிராம்களை நீக்கவும் முடியாது, அப்டேட் செய்யவும் முடியாது.

தாமிரபரணி_மகள் | செவ்வாய், இரவு 10:50

அண்ணா, ரீசைக்கிள் பின்னில் எல்லாமே இருந்தன. ரீஸ்டோர் செய்து, டிரைவர் அப்டேட்டர் முறையாகப் போய்விட்டது. 1,274 பிழைகளும் போயின. நீங்கள் சொன்ன அதே சாம்பல் எழுத்து, தேடித்தான் கண்டுபிடித்தேன். அறிவிப்பு அனுமதி பட்டியலில் ஒன்பது தளங்கள், எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மூலை அமைதியாகிவிட்டது.

தேதி வரிசையில் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. மற்றவை எல்லாம் வியாழக்கிழமை. இது மட்டும் சனிக்கிழமை மதியம். தூரத்திலிருந்து ஒரு கணினியின் திரையைப் பார்த்து இயக்கும் புரோகிராம். அது எனக்குத் தெரிந்த பெயர்தான், எங்கள் ஆபீஸிலும் பயன்படுத்துகிறோம். அப்பாவிடம் எப்படி வந்தது? அவர் தூங்கிவிட்டார். இதையும் நீக்கிவிடவா?

மதுரை_சர்வீஸ் | செவ்வாய், இரவு 10:56

நீக்காதீங்க. லேப்டாப்பை ஷட்டவுன் செய்துவிட்டு, வைஃபை ரவுட்டரையும் அணைத்துவிட்டுப் படுங்க. காலையில் அப்பாவிடம் மெதுவாகக் கேளுங்க. சனிக்கிழமை யாருக்காவது போன் செய்தாரா என்று மட்டும் கேளுங்க.

தாமிரபரணி_மகள் | புதன், காலை 7:15

கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றார். காபி குடித்து முடித்த பிறகு அவராகவே சொன்னார்.

அந்தச் சிவப்புப் பெட்டியில் ஓர் உதவி எண் இருந்திருக்கிறது. கூப்பிட்டிருக்கிறார். எதிர்முனையில் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள். ஒரு புரோகிராமை இறக்கச் சொல்லி, அதில் வந்த எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தைந்து நிமிடம் போல அம்புக்குறி தானாக நகர்ந்ததாம். கடைசியில் 4,999 ரூபாய் கேட்டபோது மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு நான்கு நாள் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

பணம் போகவில்லை, பாஸ்புக் பார்த்துவிட்டோம். ஆனால் குரோமில் அவருடைய ஈமெயில், வங்கி பாஸ்வேர்டு எல்லாம் சேமித்திருக்கிறது.

மதுரை_சர்வீஸ் | புதன், காலை 7:40

அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லாதீங்க. பணம் கட்டுவதற்கு முன் நிறுத்தினாரே, அது பெரிய காரியம். எங்கள் கடைக்கு வருகிற பலர் கட்டிய பிறகுதான் வருகிறார்கள்.

இப்போது நீக்குகிற வேலை இரண்டாம் பட்சம். பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றுங்க, அந்த லேப்டாப்பிலிருந்து வேண்டாம். ஈமெயில் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மீட்கும் சாவி அதில்தான் இருக்கிறது. பிறகு வங்கி. கணக்கில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்க. வங்கிக் கிளைக்கு நேரில் போய் எழுதிக் கொடுங்க. சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க, பணம் போகவில்லை என்றாலும் அந்தத் தொலைபேசி எண் பதிவாகட்டும். அந்த எண்ணும் புரோகிராமும் தெரியும்படி உங்கள் போன் கேமராவில் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்க. நீக்காதீங்க என்று நேற்றுச் சொன்னது இதற்காகத்தான்.

அப்பாவின் போனையும் பாருங்க. அதே மாதிரி ஆப் அங்கேயும் ஏற்றச் சொல்லியிருக்கலாம். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் என்ற தூரத்திலிருந்து இயக்கும் ஆப் வழியாக நடக்கும் இந்த மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்திருக்கிறது. புரோகிராம் நல்லதுதான், அதைப் பிடித்திருந்த கைதான் கெட்டது.

விரைவுவண்டி | புதன், காலை 8:05

அண்ணா, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று ஓட்டினால் போதாதா? இல்லை, முழுவதும் ஃபார்மேட் செய்யணுமா? அது பெரிய வேலை ஆச்சே.

மதுரை_சர்வீஸ் | புதன், காலை 8:30

வியாழக்கிழமை வந்தது மட்டும் என்றால் போதும் என்றுதான் தம்பி நானும் சொல்லியிருப்பேன். சனிக்கிழமை ஒரு மனிதர் உள்ளே வந்திருக்கிறார். ஸ்கேன் கெட்ட கோப்பைத் தேடும். அவர் டிஃபெண்டரின் எக்ஸ்குளூஷனில் (தேடாமல் விட வேண்டியவற்றின் பட்டியல்) ஒரு ஃபோல்டரைச் சேர்த்திருந்தால் அங்கே தேடாமல் போகலாம். இன்னொரு யூசர் கணக்கு உருவாக்கியிருந்தால் அதைக் கெட்டது என்று சொல்லாது. கேட்காமலே உள்ளே வருவதற்கு அந்தப் புரோகிராமில் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தால் அதையும் சொல்லாது. நீக்கியது முழுமையாகப் போய்விட்டதா என்பதிலேயே ஏமாந்த கதைகள் உண்டு. 2015-இல் லெனோவோ லேப்டாப்புகளில் முன்கூட்டியே வந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பரப் புரோகிராமின் விவகாரம் வெடித்தபோது, அந்தப் புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்தவர்களுக்கும் அது போட்ட ரூட் சான்றிதழ் உள்ளேயே தங்கியிருந்தது. பாதுகாப்பான தளங்களுக்கு நடுவே புகுந்து பார்க்க வழி விட்டதே அந்தச் சான்றிதழ்தான்.

ஆகவே என் கருத்து, முழு ரீசெட். செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரெக்கவரி → ரீசெட் திஸ் பி.சி. அதில் 'எல்லாவற்றையும் நீக்கு', அடுத்து 'கிளவுட் டவுன்லோடு'. 4 ஜி.பி.க்கு மேல் டேட்டா பிடிக்கும். விண்டோஸ் உரிமம் அதே லேப்டாப்பில் தானாகத் திரும்பிவிடும். முன்னதாகப் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் பென்டிரைவில் எடுங்க. செட்அப் கோப்புகள் ஒன்றுகூட வேண்டாம்.

வடமராட்சி_மைந்தன் | புதன், காலை 9:20

தங்கச்சி, ரீசெட் செய்ய முதல் ஒரு விசயம். அப்பா தமிழ் வாத்தியார் எண்டபடியால் கேக்கிறன். பழைய எழுத்துருவில அடிச்ச கோப்புகள் இருக்கோ? என்ர அப்பாட கணனியைத் துடைச்சுப் போட்டு, பிறகு அவற்ற கட்டுரையளைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாயும் அரைப்புள்ளியாயும் கிடந்தது. பாமினியில புள்ளிக்கு அரைப்புள்ளி விசையைத்தான் அடிக்கிறது, எழுத்துரு இல்லையெண்டால் அப்பிடியே தெரியும். 'தமிழ்' எண்ட சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாய் நிக்கும். கோப்பு பழுதாகேல்லை, எழுத்துரு மட்டும்தான் இல்லை. ஆனா அந்த நேரம் எனக்கு அது தெரியாது. சில கோப்புகளைப் பழுதெண்டு நினைச்சு அழிச்சுப் போட்டன்.

விண்டோஸ் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரில இருந்து அந்த எழுத்துருக்களையும் பிரதி எடுத்து வையுங்கோ.

தாமிரபரணி_மகள் | புதன், காலை 10:05

ரொம்ப நன்றி அண்ணா. நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். அப்பா இருபது வருஷமாக வினாத்தாள் எல்லாம் வானவில் அவ்வையாரில்தான் அடித்தார். நூற்றுக்கு மேல் கோப்புகள். எழுத்துருவையும் எடுத்துக்கொள்கிறேன், பிறகு மெல்ல யூனிகோடுக்கு மாற்றலாம்.

தாமிரபரணி_மகள் | வியாழன், இரவு 8:30

முடிந்தது. வங்கியில் எழுதிக் கொடுத்தாயிற்று, 1930-இலும் சொல்லியாயிற்று. ரீசெட் இரண்டரை மணி நேரம் ஆனது. தொடங்கும் முன் யூசர் கணக்குகளைப் பார்த்தேன். அப்பா பெயர் தவிர இன்னொன்று இருந்தது. அப்பா உருவாக்கவில்லை என்கிறார். ஸ்கேனோடு நிறுத்தாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

'தேவையற்ற செயலிகளைத் தடு' என்ற அமைப்பு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோலுக்குள் இருக்கிறது, ஆனில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுவிட்டேன். வினாத்தாள்கள் எல்லாம் தமிழாகவே திறக்கின்றன.

ஒன்று மட்டும் மிச்சம். பென்ஷன் கடிதம் இன்னும் போகவில்லை. பி.டி.எஃப் மாற்ற எதைப் போடுவது?

மதுரை_சர்வீஸ் | வியாழன், இரவு 8:42

எதுவும் போட வேண்டாம் தங்கச்சி. கடிதத்தைத் திறந்து கன்ட்ரோலோடு 'பி' அழுத்துங்க. பிரிண்டர் பெயர் இருக்கும் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்' என்று இருக்கும். விண்டோஸ் 10 வந்ததிலிருந்தே கூடவே வருவது. அதைத் தேர்ந்து பிரிண்ட் கொடுத்தால், எங்கே சேமிக்க என்று கேட்கும்.

தாமிரபரணி_மகள் | வெள்ளி, காலை 9:10

அப்பாவே உட்கார்ந்து செய்தார். நான் பக்கத்தில் நின்றேன், மவுஸைத் தொடவில்லை. கடிதம் போய்விட்டது. இப்போது பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்து அதையும் பி.டி.எஃப் ஆக்கிக்கொண்டிருக்கிறார். நான் மதியப் பஸ்ஸைப் பிடிக்கிறேன்.